முதலில் நிற்கப் பழகுங்கள்: பெங்களூரில் டவுன்ஹில் ஸ்கேட்போர்டு பந்தயத்துக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் போர்டு வைத்திருக்கும் ஐந்தாறு பேர் ஒன்றுசேர்ந்து டீ குடித்தால், யாராவது ஒருவர் "நந்தி பெட்டாவுல ஒரு ரேஸ் விடலாமா மச்சி?" என்று கேட்டுவிடுவார். வேண்டாம். 1478 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு ஞாயிறு விடியற்காலையில் பாதி ஊர் பைக்கிலும் காரிலும் ஏறிக்கொண்டிருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பொதுச் சாலையில் பிறருக்கு ஆபத்து வரும்படி கண்மண் தெரியாமல் ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு இருக்கிறது. "இது வண்டி இல்லை சார், பலகை" என்று ஸ்டேஷனில் வாதாடிப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

சமதரையில் போர்டில் நின்று தள்ளத் தெரியும், ஆனால் இறக்கத்தில் இறங்கியதில்லை என்பவருக்கும், நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு பந்தயம் வைக்கலாமே என்று நினைப்பவருக்கும் இதை எழுதுகிறேன். 2017-இல் கனடாவின் கியூபெக்கில் பீட் கானலி மணிக்கு 146.73 கி.மீ. வேகம் தொட்டார். அது வேறு உலகம். நமக்கு 30, மிஞ்சினால் 40 போதும். அதுவே குறைச்சல் இல்லை: மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். தும்மி முடிப்பதற்குள் ஒரு வீட்டு மனையைத் தாண்டியிருப்பீர்கள்.

இறக்கப் பந்தயத்தை எல்லோரும் மேலிருந்துதான் யோசிக்கிறார்கள். எங்கே கிளம்பலாம், எவ்வளவு வேகம் வரும் என்று. நீங்கள் கீழிருந்து யோசியுங்கள். எங்கே நிற்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து மேலே நடந்துகொண்டே வாருங்கள். கிளம்பும் கோடு எங்கே வரவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இடம் பிடிப்பது

நகரத்துக்கு வெளியே தேவனஹள்ளி, ஹொசகோட்டே, கனகபுரா ரோடு பக்கம் போனால், மனை பிரித்து, தார் போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு, வீடு மட்டும் இன்னும் வராத லேஅவுட்டுகள் இருக்கும். அவைதான் நமக்கு ஏற்றவை. உள்ளே வர ஒரே கேட், கேட்டில் ஒரு வாட்ச்மேன், போக்குவரத்து கிட்டத்தட்ட இல்லை. லேஅவுட் போட்டவரிடமோ மனை உரிமையாளர் சங்கத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் வளர்ந்த நம் ஆட்களில் கன்னடம் சரளமாகப் பேசி, எழுத மட்டும் வராதவர்கள் நிறைய உண்டு. எழுதத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள்.

வாட்ச்மேனிடம் மரியாதையாக உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி, தண்ணீர் டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்பது. காலியான லேஅவுட்டிலும் எங்காவது ஒரு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு டேங்கரும் வரும், எம்-சாண்ட் லாரியும் வரும். அந்த நேரத்தை விட்டுவிட்டு உங்கள் நேரத்தை வையுங்கள்.

இப்போது ரோட்டைப் பாருங்கள். முடிவுக் கோட்டுக்கு அப்புறம் குறைந்தது 100 மீட்டர் சமதரை வேண்டும். லேசாக மேடாக ஏறினால் இன்னும் நல்லது. அந்த 100 மீட்டருக்குள் கேட், சுவர், கம்பம், மெயின் ரோடு எதுவும் வரக்கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நாலு மடங்காகும் என்பதை மறக்கவேண்டாம். 20 கி.மீ. வேகத்தில் பத்து மீட்டரில் நிற்பவருக்கு 40-இல் நாற்பது மீட்டர் வேண்டும், அதுவும் பதறாமல் இருந்தால்.

அப்புறம் சரிவு. முதல் பந்தயத்துக்கு 4 முதல் 5 சதவீதச் சரிவு தாராளம். அளப்பதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் பிடித்து, நீர்மட்டத்திலிருந்து தரை 50 செ.மீ. இறங்கியிருந்தால் 5 சதவீதம். மொபைலில் லெவல் பார்க்கும் ஆப் டிகிரியில் காட்டும். 3 டிகிரி என்றால் சுமார் 5 சதவீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "5-தானே" என்று 5 டிகிரிச் சரிவைத் தேர்ந்தெடுத்தால் அது கிட்டத்தட்ட 9 சதவீதம். 5 சதவீதத்தில் நிமிர்ந்து நின்று வந்தால் 30 கி.மீ. சுற்றியே வேகம் நிலைக்கும், குனிந்து வந்தால் 40-ஐத் தாண்டலாம். 9 சதவீதத்தில் குனிந்தால் 60-ஐ நெருங்கிவிடும். புதியவர்களுக்கு அந்த இடம் இல்லை.

நீளம் 250, 300 மீட்டர் இருந்தால் போதும். ஒரே ஒரு மெல்லிய வளைவு இருந்தால் சுவாரசியம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

தார் பரப்பை நடந்தே பார்க்கவேண்டும், பைக்கில் போய்ப் பார்த்தால் எதுவும் தெரியாது. பெங்களூரில் பெயின்ட் அடிக்காத ஹம்ப் எங்கே முளைத்திருக்கும் என்று ஊர்க்காரருக்கே தெரியாது. சாக்கடை மூடி ஒரு விரல் உயரம் தூக்கியிருந்தாலும் முன்சக்கரம் அதில் தட்டி நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டிருப்பீர்கள். வளைவின் வெளிப்பக்கம் ஜல்லித்தூள் சேர்ந்திருக்கும். வொயிட் டாப்பிங் போட்ட காங்கிரீட் ரோடு வேண்டாம். இணைப்புக் கோடுகள் தட்டும், விழுந்தால் தோலும் அதிகமாகப் போகும்.

பருவம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஆனால் அந்த மாதங்களில் விடியற்காலைப் பனி தாரை ஈரமாக வைத்திருக்கும். கையால் தொட்டுப் பாருங்கள், வெயில் வந்து உலர்ந்த பிறகு தொடங்குங்கள். மரம் இருக்கும் தெருவானால் உதிர்ந்த பூவையும் இலையையும் பெருக்காமல் யாரையும் இறக்காதீர்கள். ஜனவரியில் ரோஸ் நிறப் பூ உதிர்ந்து கிடக்கும் ரோடு படம் எடுக்க அருமையாக இருக்கும், சக்கரத்துக்கு அது சோப்புத் தண்ணீர்தான்.

போர்டும் பாதுகாப்பும்

ஸ்கேட் பார்க்கில் ஓட்டும் சின்ன போர்டு இதற்கு ஆகாது. அதன் சக்கரம் 52, 54 மி.மீ. அளவில் கல்போல் கெட்டியாக இருக்கும். நம் ரோட்டின் ஒவ்வொரு பொடிக்கல்லும் உங்கள் பல்லில் தெரியும். வேண்டியது லாங்போர்டு: வளையாத கெட்டிப் பலகை, 70 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள, 78ஏ முதல் 80ஏ வரை மென்மையுள்ள சக்கரம் (எண் குறையக் குறைய மென்மை கூடும்), கிங்பின் என்ற நடு போல்ட் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் டிரக், அதாவது பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு. புதிதாக வாங்கினால் செலவு கூடும். முதலில் கடன் வாங்கியோ செகண்ட் ஹேண்டிலோ பழகுங்கள். டெகத்லானில் கிடைக்கும் சாதாரண லாங்போர்டிலும் கால் பிரேக் (ஒரு காலைத் தரையில் உரசி நிற்பது) பழகலாம், பந்தயத்துக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம்.

பேரிங் விஷயத்தில் ரொம்பக் கவலைப்படவேண்டாம். 608 என்ற அளவு. உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. மோட்டாரிலிருந்து மிக்சி வரை புழங்கும் அளவு என்பதால் எஸ்.ஜே.பி. ரோட்டுப் பேரிங் கடைகளில் நம்பரைச் சொன்னால் எடுத்துக்கொடுப்பார்கள். விலை உயர்ந்த பேரிங் போட்டால் வேகம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வேகத்தில் நீங்கள் குனியும் விதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, பேரிங் இல்லை.

ஹெல்மெட் முகம் முழுதும் மூடியதாக இருக்கவேண்டும். இதில் பேரமே கிடையாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பைக் ஹெல்மெட் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதைக் கொண்டே தொடங்கலாம். ஆனால் வீட்டுக் கண்ணாடி முன் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்து பாருங்கள். பல பைக் ஹெல்மெட்டுகளில் பின்விளிம்பு கழுத்தில் முட்டி, தலையை நிமிர்த்தவிடாது. ரோட்டுக்குப் பதில் உங்கள் ஷூதான் தெரியும். அப்படியானால் அது குனிந்து ஓட்ட உதவாது, நிமிர்ந்தே வாருங்கள். முழங்கால் பேட் கட்டாயம், முழங்கைக்கும் இருந்தால் நல்லது. ஜீன்ஸ் தாரில் இரண்டு நொடி தாங்காது என்றாலும் ஷார்ட்ஸைவிட எவ்வளவோ மேல்.

ஸ்லைடில், அதாவது பலகையைக் குறுக்கே திருப்பி வழுக்கவிட்டு நிற்கும்போது, ஒரு கையைத் தாரில் வைக்கவேண்டியிருக்கும். அதற்கான கையுறையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெல்டிங் செய்பவர்கள் போடும் தோல் கையுறை ஒரு ஜோடி, சமையலறையில் காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்று. பலகையை உள்ளங்கை அளவு வட்டமாக அறுத்து, ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர்முனை இருந்தால் தாரில் மாட்டி மணிக்கட்டைத் திருப்பிவிடும். கையுறையின் உள்ளங்கையில் வெல்க்ரோவை ஒட்டி, ஒட்டியது போதாதென்று சுற்றிலும் தையல் போடுங்கள். வட்டத்தில் மறுபாதி வெல்க்ரோ. சீக்கிரம் தேயும், ஆனால் ஒரு பலகையில் பல வட்டம் வரும். அம்மாவுக்குப் புதுப் பலகை வாங்கிக்கொடுத்துவிட்டுப் பழையதை எடுப்பது உத்தமம்.

ஷூவும் கவனிக்கவேண்டியது. கால் பிரேக் ஒரு காலின் அடிப்பாகத்தை மட்டும் தின்றுகொண்டே போகும். தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் அந்தக் காலுக்கு மட்டும் ஒரு ரப்பர் அட்டை ஒட்டித் தையல் போடச் சொல்லுங்கள். ஏன் ஒரு காலுக்கு மட்டும் என்று அவர் கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம்

இங்கே அவசரப்படக்கூடாது. வரிசை மாறவும் கூடாது.

முதலில் கால் பிரேக். மிக மெல்லிய சரிவில், உடல் எடை மொத்தத்தையும் முன்காலில் ஏற்றுங்கள். முன்முழங்கால் நன்றாக மடங்கட்டும். பின்காலை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் தரைக்கு இணையாகக் கொண்டுவந்து, குதிகால் பக்கம் முதலில் உரச, மெதுவாக இறக்குங்கள். மிதிக்கக் கூடாது, தடவவேண்டும். எடை பின்காலுக்குப் போனால் பலகை முன்னால் ஓடிவிடும். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது நடுக்கம். வேகம் கூடும்போது போர்டு இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். புதியவர்களைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் இதுதான். பயந்து உடம்பை விறைத்து, எடையைப் பின்னால் சாய்த்தால் ஆட்டம் அதிகமாகும். எடையில் பாதிக்கு மேல் எப்போதும் முன்காலில் இருக்கட்டும், முழங்கால் தளர்வாக, பார்வை இருபது மீட்டர் தள்ளி. ஆட்டம் தொடங்கினால் மெதுவாக நிமிர்ந்து கைகளை அகல விரியுங்கள், காற்றே வேகத்தைக் குறைக்கும். டிரக்கின் கிங்பின் நட்டை இறுக்கினால் ஆட்டம் குறையும் என்பது பாதி உண்மைதான். ரொம்ப இறுக்கினால் திரும்பவே முடியாது. உங்கள் எடைக்குச் சரியான கெட்டியில் புஷ்ஷிங் (கிங்பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் போன்ற வளையம்) மாற்றுவதுதான் முறை.

மூன்றாவது ஸ்லைடு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைத்தெருக்களில் கிளிஃப் கோல்மன் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இன்றும் அவர் பேரிலேயே கோல்மன் ஸ்லைடு என்று வழங்குகிறது. 15, 20 கி.மீ. வேகத்தில், முதலில் விரல் பக்கம் லேசாக வளைந்து, உடனே குதிகால் பக்கம் திரும்பிக்கொண்டே தாழ உட்காருங்கள். முன்னால் இருக்கும் கையை முதுகுப் பக்கத் தரையில் வைத்து, மறு கையையும் தோளையும் திரும்பவேண்டிய பக்கம் வீசுங்கள். பலகை குறுக்கே திரும்பி வழுக்கிக்கொண்டே நிற்கும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, கையில் முழு எடையைப் போடுவது. எடை சக்கரத்தின்மேல் இருக்கவேண்டும், கை சும்மா துணைக்கு. இது வந்துவிட்டால் வேகத்தைப் பார்த்துப் பயம் பாதியாகக் குறையும்.

குனிவது கடைசி. முன்தொடைமேல் மார்பு, பின்முழங்கால் முன்காலின் கெண்டைச்சதைப் பக்கம், கைகள் முதுகுக்குப் பின்னால், தலை நிமிர்ந்து. பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் இதைத்தான் முதல் நாளே பழக வருகிறார்கள்.

பந்தய நாள்

1975-இல் கலிஃபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் செங்குத்தான ஒரு தெருவில் ஆரம்பித்த வேகப் பந்தயம், பலர் அடிபட்டதால் 1978-ஓடு நின்றுபோனது. உலகத்தின் முதல் இறக்கப் பந்தயங்களில் ஒன்று அது. நம்முடையது அடுத்த வருடமும் நடக்கவேண்டுமானால் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது: தென்னந்துடைப்பத்தால் முழுப் பாதையையும் பெருக்குவது. கிராமத்தில் சொல்லி ராகி வைக்கோல் கட்டுகள் வாங்கி, வளைவின் வெளிப்பக்கத்திலும் ஒவ்வொரு கம்பத்தைச் சுற்றியும் வையுங்கள். பழைய டயரும் ஆகும்.

நாய்களை மறக்கவேண்டாம். லேஅவுட் நாய்களுக்கு உருளும் சத்தம் பிடிக்காது, துரத்திக்கொண்டு குறுக்கே வரும். பிஸ்கட் பாக்கெட்டோடு ஒருவரை அதற்கென்றே ஒதுக்குங்கள். ஓட்டத் தெரியாத நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவருக்கு ஏற்ற பதவி.

ஓட வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு சோதனை. 25 கி.மீ. வேகத்தில் வந்து, சாக்பீஸில் வரைந்த 20 மீட்டர் கட்டத்துக்குள் காலாலோ ஸ்லைடாலோ நிற்கவேண்டும். நிற்க முடியாதவர் அன்று கொடி பிடிக்கட்டும். எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் சரி. இதில் இளகினால் பிறகு எந்த விதியும் நிற்காது.

கொடி பிடிப்பவர்கள் கிளம்பும் இடம், வளைவு, ஒவ்வொரு குறுக்குத் தெரு, முடிவு என்று நிற்கவேண்டும். வாக்கிடாக்கி இருந்தால் நல்லது, ஊருக்கு வெளியே மொபைல் சிக்னலை நம்பமுடியாது. "கிளியர்" என்ற செய்தி கீழிருந்து மேலே வரவேண்டும். முடிவில் நிற்பவர் சொன்ன பிறகுதான் வளைவில் நிற்பவர் சொல்லவேண்டும், அவர் சொன்ன பிறகுதான் மேலே கொடி இறங்கவேண்டும். நிறுத்துவதற்கு ஒரு நீண்ட விசில். தமிழில் ஒருவர் "நில்லு" என்றும், கன்னடத்தில் ஒருவர் "நில்லி" என்றும், இந்தியில் இன்னொருவர் வேறு ஏதோவும் கத்தினால் ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காது. விசில் கேட்டால் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும்.

சர்வதேசப் போட்டிகளில் ஒரு சுற்றில் நாலு பேர் சேர்ந்து இறங்குவார்கள், முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். நமக்கு இரண்டு பேர் போதும். முதலில் எல்லோரையும் தனித்தனியாக இறக்கி வேகம் பாருங்கள். முடிவுக்குச் சற்று முன்னால் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பக்கவாட்டில் மொபைலை நிறுத்தி வீடியோ எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையில் எத்தனை நொடி என்று பார்த்து, 72-ஐ அதால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 2 நொடி என்றால் 36, 1.8 என்றால் 40. நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் மொபைலில் ஃபிரேமை எண்ணினால் சண்டையே வராது. சின்ன ஓட்டத்துக்கு ஜி.பி.எஸ். ஆப் காட்டும் வேகத்தை நம்பவேண்டாம்.

கிட்டத்தட்ட ஒரே வேகம் உள்ளவர்களை ஜோடி சேருங்கள். தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல், தோற்றவர்களுக்குள் தனியாக ஒரு வரிசை வைத்து, இரண்டாம் முறை தோற்றால்தான் வெளியே என்று வைத்தால் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு ஓட்டமாவது கிடைக்கும். எட்டுப் பேருக்கு இப்படி 14 அல்லது 15 சுற்று வரும், ஒரு காலைப்பொழுதுக்கு அது போதும். முந்துவது பின்னால் வருபவரின் பொறுப்பு, முன்னால் போகிறவர் திடீரென்று குறுக்கே வெட்டக்கூடாது, கையால் தொடவோ தள்ளவோ கூடாது. இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் காற்று குறைவு. அங்கே நுழைந்தால் நினைத்ததைவிட வேகமாக அவர் முதுகை நெருங்கிவிடுவீர்கள்.

இறங்கியவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு மேலே ஏறக்கூடாது. எல்லோரும் இறங்கி முடித்த பிறகு, ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒன்றாக ஏறுங்கள். நண்பர்கள் நடத்தும் பந்தயத்தில் இது ஒன்றைத்தான் எல்லோரும் முதலில் மறக்கிறார்கள்.

பரிசு இரண்டு வையுங்கள். ஒன்று பந்தயத்தில் ஜெயித்தவருக்கு, இன்னொன்று முடிவுக் கோட்டிலிருந்து குறைந்த தூரத்தில் விழாமல் நின்றவருக்கு. இரண்டாவதுக்குத்தான் கூட்டம் அதிகமாகக் கைதட்டும், பாருங்கள்.

ஓடாத ஒருவர் காரோடு தயாராக இருக்கவேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி எது, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருப்பாரா என்று முந்தின நாளே விசாரித்துவையுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. தோல் உரிந்த காயத்தை நிறையச் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒட்டாத துணியால் மூடுங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்பது நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு, வாந்தி, மயக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு அவருக்கு ஓட்டம் முடிந்தது. அடி வாங்கிய ஹெல்மெட்டுக்கும் அதோடு ஆயுள் முடிந்தது.

வெயில் ஏறுவதற்குள், பத்து மணி வாக்கில் முடித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோட்டைக் கழுவிவிட்டு, வைக்கோலை வாங்கின வீட்டு மாட்டுக்கே திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை கேட்காமலே தருவார்கள். வாட்ச்மேனுக்கும் சேர்த்து டிபன் வாங்குங்கள். வசூலித்த பணத்தின் கணக்கை அன்று மாலையே குழுவில் போட்டுவிடுங்கள். வைக்கோல், துடைப்பம், மருந்து, நாய் பிஸ்கட் என்று நாலு வரிதான் வரும்.